‘வீண்பேச்சு’ எனப்படுவது யாது?

நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர், வார இறுதித் திருப்பணிப் பயிற்சிக்காகத் திருச்சிராப்பள்ளி உறையூர்ப் பகுதியிலுள்ள ஒரு சிறு சபைக்குச் சென்று திரும்பி, வழக்கம்போல் அறிக்கை எழுதி அளித்தார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தைப் பற்றிய பகுதியில், “வேதபாடம் அரை மணி நேரம் நடைபெற்றது, அதன்பின் சகோதரிகள் ஒரு திரைப்படத்தைக் குறித்து ஒரு மணி நேரம் வீண்பேச்சில் ஈடுபட்டனர்” என்று எழுதியிருந்தார். கையெழுத்து அழகானது, எழுத்துப் பிழை ஏதுமில்லை. ஆயினும் ‘வீண்பேச்சு’ என்னும் சொல்லின்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, “என்ன பேசினர்?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அளித்தோம். மாணவருக்குச் சற்று வருத்தமே. “ஐயா, அது சினிமாப் பேச்சு, அதை எப்படி அறிக்கையில் எழுதுவது?” என்றார்.

அச்சொல்லை நாம் எளிதில் விட்டுவிட இயலாமைக்குக் காரணம் உண்டு. லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில், கல்லறையினின்று திரும்பிய பெண்கள் தாம் கண்டதை எடுத்துரைத்தபோது அது அப்போஸ்தலர்களுக்கு எவ்வாறு தோன்றிற்று என்பதைக் குறிக்க நம் பழைய திருப்புதல் ஆளும் சொல் இதுவே. மூலத்திலுள்ள ‘லேரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. காய்ச்சல் கண்டவரின் பிதற்றலைச் சுட்ட மருத்துவர்கள் ஆண்ட சொல் அது. அவ்வசனத்தின்மேல் பிரசங்கம் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பேச்சுக்கு ‘வீண்’ என்னும் அடைமொழியைச் சூட்டுபவர் யார், கேட்டபின் சூட்டினாரா, கேளாமலே சூட்டினாரா என்பதையே ஈண்டு ஆராய விழைகின்றோம்.

தமிழ் வழக்கும் இவ்விஷயத்தில் ஓரஞ்சார்ந்ததே. தேநீர்க் கடையில் ஆண்கள் கூடி ஒரு படத்தை அலசினால் அதற்கு விமரிசனம் என்று பெயர். பெண்கள் கூடி அலசினால் வம்பு, அரட்டை, ஊர்க்கதை. தண்ணீருக்காக மணிக்கணக்கில் குடத்தோடு காத்துநிற்கும் பெண்களின் வாக்குவாதத்துக்குக் ‘குழாயடிச் சண்டை’ என்று பெயரிட்டோம். பின்னர் மன்றங்களில் ஆண்கள் கூச்சலிட்டுக்கொள்ளும்போதும் அப்பெயராலேயே அதை இழித்துரைக்கப் பழகிக்கொண்டோம். குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டவர் சிலரே.

பேசப்பட்ட படம் எது என்று மாணவரை வினவினோம். 2021 ஜனவரியில் வெளிவந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ என்னும் மலையாளப் படம் என்றார். ஜியோ பேபி இயக்கிய அப்படம் 2023இல் தமிழிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. புதிதாக மணமுடித்து வந்த ஒரு பெண் விடியலிலிருந்து இரவுவரை அரைப்பதும் நறுக்குவதும் பரிமாறுவதும் எச்சில் இலை எடுப்பதும் மேசை துடைப்பதுமே பெரும்பாலும் படத்தின் கதை. அவளுக்குப் பெயர்கூடச் சூட்டப்படவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் குழாய் ஒழுகுகிறது, அழுக்குநீர் சொட்டுகிறது. குழாய் பழுதுபார்ப்பவரை அழைத்துவரும்படி கணவனிடம் சொல்லுகிறாள். அவன் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறான். அடிப்பவரோ குடிப்பவரோ அவ்வீட்டில் இல்லை. கணவன் பள்ளி ஆசிரியன். மாமனார் குரலை உயர்த்தாதவர். இறுதியில் அவ்வழுக்குநீரே அவ்விருவர் மேலும் வீசப்படுகிறது; அவள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள்.

இனி, மாணவர் ‘வீண்பேச்சு’ எனக் குறித்ததில் அவர் நினைவில் தங்கியவை சில. வயது முதிர்ந்த ஓர் அம்மையார் கூறியது: “எங்க வீட்டுல குழாய் ஒழுகலை. அடுப்பு லைட்டர் கெட்டு ஆறு மாசமாச்சு. தீப்பெட்டிதான் இருக்குல்லேன்றார்.” இன்னொருவர்: “மறந்துட்டேன் மறந்துட்டேன்றான், சோத்துக்கு உக்கார மட்டும் மறக்கலையே.” மூன்றாமவர், நீரை வீசியது மரியாதையன்று எனத் தம் மகள் கூறுவதாகவும், தமக்கு அது தவறாகப் படவில்லை எனவும் சொன்னாராம். கல்லூரியில் படிக்கும் மகளுக்குத் தவறாகப் பட்டது, நாற்பது ஆண்டு சமைத்த தாய்க்குப் படவில்லை என்பது நம் சிந்தைக்குரியது.

இப்பேச்சுக்கென ஓர் இலக்கணம் உண்டு என்பதை வாசகர் உணர்ந்திருக்கக்கூடும். முதலாமவர் தம் கணவரைக் குறைகூற வரவில்லை; ஒரு படத்தைப் பற்றித்தான் பேசினார். படர்க்கையில் தொடங்கிய வாக்கியம், இடையில் எங்கோ தன்மைக்குத் திரும்பிவிட்டது. சபையில் எழுந்துநின்று, “என் வீட்டில் என்னை மதிப்பதில்லை” என்று சொல்ல எந்தப் பெண்ணாலும் இலகுவில் இயலாது. சொன்னால் மறுநாள் அச்செய்தி மூப்பர் வீட்டுக்குச் சென்றுவிடும். ‘அந்தப் படத்தில் வரும் பெண்’ என்று தொடங்கினால் எவருக்கும் இழுக்கில்லை. கதைமாந்தரின் பெயரால் தம் வாழ்வைச் சீர்தூக்கிப் பார்க்கப் பெண்கள் கண்ட வழி இது. இது இந்து இல்லத்தின் ஆசாரத்தைப் பற்றிய படம், நமக்குரியதன்று என்று தள்ளிவிட நம்மில் சிலர் முற்படலாம். தீப்பெட்டியைக் காட்டிய கணவர் நம் சபையின் அங்கத்தினர்.

இவ்வழி நம் மாவட்டத்தில் நெடுங்காலமாக உள்ளது. உறையூரிலிருந்து புறப்பட்டுக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். அங்கே மார்கழி அத்யயன உற்சவத்தில் நிகழும் அரையர் சேவை, இசையும் அபிநயமும் உரையும் கலந்த தொன்மையான கலை. கூம்புக் குல்லாய் அணிந்து தாளத்தோடு திவ்யப் பிரபந்தத்தைப் பாடி அபிநயிப்போர் பரம்பரை உரிமை பெற்ற ஆடவர்கள். அரையர் மரபில் ‘முத்துக்குறி’ என்றொரு பகுதி உண்டு. காதல் நோயுற்ற மகள், கலங்கும் தாய், முத்துகளைக் கொண்டு குறிசொல்லும் கட்டுவிச்சி ஆகிய மூன்று பெண்களின் உரையாடல் அது. மூவரையும் நடித்துக்காட்டுபவர் ஓர் ஆடவரே. அக்கலையின் நுட்பத்தை வியக்கின்றோம். பிறர் வழிபாட்டின்மேல் தீர்ப்புரைப்பதும் நம் வேலையன்று. ஆனால் அந்த உரையாடலைத் தூணோரம் நின்று நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்த பெண்கள், வீடு திரும்பும் வழியில் தங்களுக்குள் என்ன பேசியிருப்பர் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

எழுதியவர் ஒருவர் அதே ஸ்ரீரங்கத்தில் தோன்றினார். ‘குமுதினி’ என்னும் புனைபெயரில் எழுதிய ரங்கநாயகி தாத்தம் (1905–1986), ஆசாரம் மிக்க ஒரு வைணவக் குடும்பத்தின் மருமகள். காந்தியடிகளின் வழிநின்று கதர் உடுத்தியவர். திருச்சியில் பெண்களுக்கான சேவா சங்கப் பணியில் ஈடுபட்டவர். 1930களில் ஆனந்த விகடனில் அவர் எழுதியவற்றுள் புராணப் பெண்கள் எழுதுவனவாக அமைந்த நகைச்சுவைக் கடிதங்கள் குறிப்பிடத்தக்கவை. அயோத்தியில் வாழ்க்கைப்பட்ட சீதை மிதிலையிலுள்ள தாய்க்கு எழுதுகிறாள். எழுதுவது என்ன? சேலை விஷயம். புக்ககத்தின் பழக்கவழக்கம், எந்தச் சேலையை எப்போது உடுத்துவது என்னும் கவலை, பட்டாபிடேகத்துக்கு வேண்டிய ஆயத்தம். படிப்பவர் சிரித்துக்கொண்டே வரும்போது காட்டுக்குப் புறப்படும் செய்தி வந்துவிடுகிறது. சேலை இனி வேண்டியதில்லை. அரசியல் முழுவதையும் அந்தப்புரத்தின் கொடியில் உலரும் துணியைக் கொண்டு குமுதினி அளந்துவிட்டார். வம்பு என்று நாம் பெயரிடும் பேச்சின் நடையே அது. அவர் அதை மாற்றாமல் அப்படியே அச்சேற்றினார்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) தம் முதற் படைப்பாகிய ‘இந்திர மோகனா’ நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அக்காலத்தில் கோதைநாயகிக்குச் சரளமாக எழுத வாராது. இரு பெண்கள் அமர்ந்து பேசியதன் விளைவு ஒரு நாடகம்; பின்னர் ‘ஜகன்மோகினி’ என்னும் பத்திரிகை; நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள்.

காவிரியின் வடகரையில் முசிறி. அங்கே 1925இல் பிறந்த ராஜம் கிருஷ்ணன் பதினைந்து வயதில் மணமுடித்தவர். கல்லூரி வாசல் மிதியாதவர். தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்று அங்குள்ள பெண்களோடு அமர்ந்து கேட்டு, 1979இல் ‘கரிப்பு மணிகள்’ நாவலை வெளியிட்டார். கடற்கரைக் கத்தோலிக்க மீனவரிடையே சென்று கேட்டு ‘அலைவாய்க் கரையில்’ எழுதினார். சாகித்திய அக்காதெமி 1973இல் அவரைச் சிறப்பித்தது. அவர் கையாண்ட முறையில் நம் மாணவர்க்கு உடனடியாகப் பயன்படுவது ஒன்றுண்டு: வேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணை அவள் வேலையோடு பேசவிட்டுக் கேட்பது. ஒரு பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் நமக்கு வேண்டிய விடையே கிட்டும்.

மாவட்டத்தின் தென்மேற்கே துவரங்குறிச்சி. அங்கே 1968இல் பிறந்த கவிஞர் சல்மாவின் வரலாற்றில் திரைப்படமும் நூலும் ஒருங்கே வருகின்றன. அவர் ஒன்பதாம் வகுப்பில் படிக்கையில் தோழியருடன் ஊர்த் திரையரங்குக்குச் சென்றார். என்ன படம் என்று அறியாமல் சென்றதாகவும், அது சிறுவர் காணத்தகாத படமாக இருந்ததாகவும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அத்தோடு பள்ளிப்படிப்பு நின்றது. வீட்டுச் சுவருக்குள் ஆண்டுகள் கழிந்தன. அதே அரங்கில் அமர்ந்திருந்த ஆண்பிள்ளைகள் எவர் படிப்பும் அதனால் நின்றதாக நாம் கேள்விப்படவில்லை. நூலகப் புத்தகங்களை வாசித்தார். மணமான பின் மறைத்து எழுதினார். தாயின் உதவியால் கவிதைகள் வெளியே சென்றன. ராஜாத்தி என்னும் பெயருக்குப் பதில் ‘சல்மா’ என்னும் பெயர் அதற்காகவே வேண்டியிருந்தது. 2000இல் முதற் கவிதைத் தொகுதி. 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல். அந்நாவல் பெரும்பாலும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதாலேயே ஆனது. பேச்சு நடக்கும் வேளையைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவராகவும், 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். ஒரு படம் பார்த்ததற்காகச் சிறுமியாக அடைபட்டவரைப் பற்றி, கிம் லாஞ்சினோட்டோ என்னும் ஆங்கிலப் பெண் இயக்குநர் 2013இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். படத்தின் பெயர் ‘சல்மா’.

நம் வீட்டில் சினிமாவுக்குத் தடை இருந்தது. தகப்பனார் உபதேசியார், கொட்டகை இருக்கும் தெரு வழியே போகவும் கூடாது. ஆயின் திருச்சி வானொலி, 1939இல் தொடங்கப்பட்டு ஊருக்கே உறவான நிலையம், ஒலிச்சித்திரம் ஒலிபரப்பும். படத்தின் வசனமும் பாட்டும் வரும்; உருவம் வராது. வானொலிக்குத் தடையில்லாமையால் தாயாரும் அண்டைவீட்டுப் பெண்களும் அடுக்களையில் அமர்ந்து கேட்டனர். காணாத படத்தின் கதாநாயகி இன்ன நிறச் சேலை உடுத்தியிருப்பாள் என்று தீர்மானிப்பர், கதாநாயகன் அவளைக் கன்னத்தில் அறையும் சத்தம் கேட்டால், “எதுக்காம்?” என்பார் தாயார். அக்கேள்விக்குப் படத்தில் விடை இராது. 1972இல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’ போன்ற, படித்த மனைவியை அடக்கி வழிக்குக் கொண்டுவரும் கதைகளுக்கு அக்காலத்தில் பெருவரவேற்பு. அரங்கில் ஆரவாரம் எழுந்த அதே இடத்தில் அடுக்களையில் “எதுக்காம்?” என்னும் கேள்வி எழுந்தது. எந்தப் பத்திரிகையும் அக்கேள்வியை மதிப்புரையாக வெளியிட்டதில்லை.

ஆயினும் பெண்களின் பேச்செல்லாம் நீதியுள்ளது என்று நாம் சாதிக்க வரவில்லை. பிறர் மருமகளின் நடத்தையை நிறுப்பதும், குழந்தையில்லாதவளைக் குத்துவதும், நிறத்தைப் பழிப்பதும் அங்கேதான் நடைபெறுகின்றன. தொலைக்காட்சித் தொடர்கள் அதற்கு நாள்தோறும் எண்ணெய் வார்க்கின்றன. ஆண்கள் வகுத்த சட்டத்துக்குப் பெண்களே காவலர் ஆவதும் உண்டு. இவையும் கேட்டாலன்றித் தெரியமாட்டா.

கேளாதுவிட்ட பிழை நம்முடையதும் ஆகையால் அதையும் எழுதுகின்றோம். 2000ஆம் ஆண்டையொட்டி, நாம் இளம் ஆயராக ஒரு சபையில் பணியாற்றியபோது, வீடு சந்திப்பில் ஒரு குடும்பத்தைக் கண்டோம். மகள் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துவந்தார். முந்தின ஞாயிறு தொலைக்காட்சியில் பார்த்ததாக ‘மகளிர் மட்டும்’ படத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். 1994இல் வெளிவந்த அந்நகைச்சுவைப் படத்தில், அலுவலக மேலாளன் ஒருவனின் தொல்லைக்கு ஆளாகும் மூன்று பெண்கள் ஒன்றுசேர்ந்து அவனை எதிர்க்கின்றனர். “அப்படியெல்லாம் நெசமா செய்ய முடியுமாங்க ஐயா?” என்று அம்மகள் நம்மிடம் கேட்டார். ஓய்வுநாளில் படம் பார்ப்பதன் கேட்டைப் பற்றிச் சில வார்த்தை சொல்லி, ஜெபித்து, காப்பி அருந்தி எழுந்தோம். மூன்று மாதங்களில் அவர் வேலையை விட்டார். காரணம் இன்னதென்று பல ஆண்டுகளுக்குப்பின் வேறொரு வழியாக அறிந்தோம்.

அன்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. ராஜஸ்தானில் ஓர் ஊழியப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைத் தொடர்ந்து எழுந்த விசாகா வழக்கில், 1997 ஆகஸ்டிலேயே உச்சநீதிமன்றம் பணியிடங்களில் புகார்க் குழு அமைக்கவேண்டும் என்று நெறிமுறை வகுத்துவிட்டது. 2013இல் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. அப்பெண் கேட்ட கேள்விக்கு, “முடியும்” என்னும் விடை சட்டத்திலேயே இருந்தது. அவர் அதைத் திரைப்படத்தைப் பற்றிய கேள்வியாகக் கேட்டார்; நாம் அதைத் திரைப்படத்தைப் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொண்டோம்.

சி. ருத்ரய்யா 1978இல் இயக்கிய ‘அவள் அப்படித்தான்’ படத்தை அதன்பின்னரே நாம் பார்த்தோம். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் இளைஞன் ஒருவன் பல பெண்களிடம் கருத்துக் கேட்டுப் பதிவு செய்கிறான். உடன் பணியாற்றும் மஞ்சுவையோ அவனால் கடைசிவரை விளங்கிக்கொள்ள இயலவில்லை. மஞ்சுவை முன்னர்க் காதலித்து ஏமாற்றியவருள் ஒருவன் கிறிஸ்தவக் குருவானவரின் மகனாகக் காட்டப்படுகிறான். அவளோடு பழகியபின், அவள் பெற்றோர் முன்னிலையில் அவன் அவளைச் ‘சகோதரி’ என்கிறான். திருச்சபையில் நாம் நாளொன்றுக்கு நூறு முறை கூறும் சொல் அது. நம் மாணவரின் அறிக்கையிலும் ‘வீண்பேச்சு’க்குச் சில சொற்களுக்கு முன்னர் அச்சொல்லே நின்றது.

அமெரிக்க ஓவியர் அலிசன் பெக்டல் தம் தோழி ஒருவர் சொன்னதைக் கொண்டு 1985இல் ஒரு சித்திரக்கதையில் வேடிக்கையாக ஒரு சோதனையை வரைந்தார். ஒரு படத்தில் இரண்டு பெண்களாவது இருக்கவேண்டும். அவர்கள் ஒருவரோடொருவர் பேசவேண்டும். பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இராமல் வேறொன்றைப் பற்றியதாக இருக்கவேண்டும். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் நாவல்களைக் குறித்து இதையொத்த குறையைச் சொல்லியிருந்தார். எளிய சோதனைதான், அதில் தேறாத படங்கள் திரளாக உள்ளன. வகுப்பில் இதைச் சொல்லி, மாணவர்கள் கடந்த ஆண்டில் தயாரித்த கிறிஸ்து பிறப்பு நாடகங்களை அதனால் அளக்கச் சொன்னோம். ஏழு நாடகங்கள். மரியாளும் எலிசபெத்தும் சந்திக்கும் காட்சி இரண்டில் மட்டும் இருந்தது. ஒன்றில் எலிசபெத்துக்கு வசனமே இல்லை. மேய்ப்பர்களுக்கோ நகைச்சுவைக் காட்சி இரண்டு பக்கம். ஆயத்தப்படுத்தியவர்கள் அனைவரும் நல்ல பிள்ளைகள். எவருக்கும் தீய எண்ணம் கிடையாது. நாள்தோறும் நிகழும் பாகுபாடு பெரும்பாலும் இவ்வாறே, தீய எண்ணமின்றி நிகழ்கின்றது. இங்கிலாந்தில் லாரா பேட்ஸ் 2012 முதல் பெண்களின் அன்றாட அனுபவங்களைத் திரட்டத் தொடங்கியபோது வந்து குவிந்தவற்றிலும் இத்தகைய சிறுசிறு நிகழ்ச்சிகள் ஏராளம்.

ஆகவே ஒரு படத்தைப் பற்றியோ தொடர்கதையைப் பற்றியோ பெண்கள் பேசும்போது, அது பார்க்கத்தக்கதா அன்றா என்னும் கேள்வியோடு ஆயர் உள்ளே நுழையலாகாது என்பது நம் கருத்து. அக்கேள்வி கதவைச் சாத்திவிடும். எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது என்று கேட்கலாம். விடை வந்தபின் உடனே விளக்கம் கூறாமல் இருக்கலாம். பின்னதே நம் வகுப்பாருக்குக் கடினம். சல்மாவின் நாவலையோ குமுதினியின் கட்டுரைகளையோ சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும்படி ஏற்பாடு செய்வதற்குப் பெரும் செலவு ஆகாது. நூல்களை மூப்பர்கள் முன்கூட்டிப் பார்த்து ஒப்புதல் அளிக்கவேண்டும் என்று தீர்மானம் வராதிருந்தால் போதும்.

மாணவர் மறுமாதமும் அதே சபைக்குச் சென்றார். வேதபாடம் முடிந்தபின் இம்முறை எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்ததாகவும், பெண்கள் அவரைப் பார்த்துவிட்டு மழை, கறிகாய் விலை ஆகியவற்றைப் பேசத் தொடங்கியதாகவும் கூறினார். என்ன செய்வதென்று அறியாமல், காப்பி குடித்த தம்ளர்களைத் தாமே எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குச் சென்றிருக்கிறார். “ஐயோ, நீங்க வைங்க தம்பி” என்று இருவர் தடுத்தனராம். முதிய அம்மையார், “கழுவட்டும் விடு” என்றாராம். பதினெட்டுத் தம்ளர்கள். ஏழெட்டுத் தம்ளர் கழுவுவதற்குள் உள்ளே பேச்சு பழையபடி தொடங்கிவிட்டது. இம்முறை அறிக்கை நான்கு பக்கம் வந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும், அங்குப் பேசப்பட்டதைப் பெயரின்றியும் எழுதலாகாது என்று தமக்குத் தோன்றியதாகக் குறித்துவிட்டு, அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்.